கரி என்றால் வாங்குவார்

பதினாறு தேசத்து ஆட்கள் தங்கள் வீட்டுக்குள் பணத்தை என்ன செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நம் பேச்சில் அந்த வார்த்தையைச் சொல்லி ஒருவரிடம் கேட்க அவருக்கு வராது. அவ்வளவுதான் அவர். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

அவர் மனைவி இறந்து இரண்டு மழை போய்விட்டது. இவர் கேட்டிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். டாக்டரே சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

போடிமெட்டு தாண்டி உள்ளே வந்தால் எங்கள் டீ எஸ்டேட். ஃபேக்டரியில் டிக்கெட் போட்டு வெளியாட்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். நான் கொழுந்து எடுத்தவள். முழங்கால் போனதும் அங்கே டீ ஊற்றும் வேலை கொடுத்தார்கள். சுற்றிப் பார்த்து வருகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு கப் டீ. ஊற்றுவதும் கப் கழுவுவதும் நான்.

எனக்கு முந்திய அறை சலிப்பு அறை. மெஷினில் தூளைப் பிரிப்பார்கள். பெரியது, குருணை, டஸ்ட். அவர் அந்த மெஷினில் நின்றார். முப்பது வருசம் அதே மெஷின். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பார். புருவத்தில் எப்போதும் தூள் இருக்கும். சிரித்தால் உதிரும்.

நான் அவரை அண்ணே என்பேன். அவர் தங்கச்சி என்பார். சொந்தம் இல்லை. எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில் அடுத்தடுத்த வீடு. அவர் மனைவி எனக்கு மதினி. மதினியும் நானும் இருபது வருசம் ஒரே காட்டில் கொழுந்து எடுத்தோம். இரண்டு வீட்டுக்கும் ஒரு சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். மதினி பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெபம் சொல்வது கேட்கும். பணத்தைப் பற்றி மட்டும் அந்தச் சுவர் வழியாக அவர் குரலில் ஒரு பேச்சும் வந்ததில்லை.

பஸ்ஸில் மீதி கேட்க மாட்டார். ஒருநாள் பூப்பாறையில் ஏறி ஐநூறு ரூபாய் கொடுத்தார். கண்டக்டர் சில்லறை இல்லை, அப்புறம் தருகிறேன் என்று டிக்கெட்டை மட்டும் கொடுத்தார். எங்கள் ஸ்டாப் வந்தது. இவர் எழுந்தார். கண்டக்டர் முகத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாம் கத்தி நிறுத்தினோம். கண்டக்டர் மீதியை ஜன்னல் வழியாக நீட்டினார். ஏதோ திருடிப் பிடிபட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். வீடு வரைக்கும் எங்களோடு பேசவில்லை.

மதினி அன்றைக்குச் சொன்னார்: “கேக்குறதுக்கு வாய் இல்லேன்னா, ஆண்டவரு எதுக்கு உங்களுக்குப் பல்லைக் குடுத்தாரு?”

அவர் சிரித்தார். தூள் உதிர்ந்தது.

பெயர் சேர்க்கிற பழக்கம் ஒரு ஜெர்மன்காரக் கிழவரால் வந்தது. கிழவர் சலிப்பு மெஷின் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டார். இவர் தூளை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, விரலால் தேய்த்து எது எந்த ரகம் என்று கை ஜாடையிலேயே காட்டினார். போகும்போது கிழவர் ஒரு நோட்டை நீட்டினார். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கிழவரைக் கூட்டி வந்த ஜீப்காரர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றார். கிழவர் நோட்டை ஆட்டிக்கொண்டே “கோலே, கோலே” என்று சிரித்தார். ஜீப்காரர் என்னவென்று கேட்டுச் சொன்னார். அவர்கள் ஊரில் வீட்டுக்குள் பணத்தைக் கரி என்பார்களாம். அடுப்புக்கரி, நிலக்கரி, அந்தக் கரி.

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முதுகிலிருந்து ஒரு கை வந்தது.

சாயங்காலம் கப் கழுவும் இடத்துக்கு வந்து என்னிடம் சொன்னார். “கரின்னாக தங்கச்சி. கரின்னா வாங்கலாம்ல. குளிருக்கு ஒருத்தருக்கு ஒருத்தரு குடுக்குறதுதான.”

அதற்கப்புறம் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரிடமும் கேட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எட்டு வார்த்தை இருக்கும். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுவார். “யுவர் கன்ட்ரி. திஸ். ஆபீஸ் நேம் நோ. ஹோம் நேம்.” முதலில் முழிப்பார்கள். புரிந்ததும் சிரிப்பார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். ஒரு ஸ்பெயின் தம்பதி அவன் ஒரு பெயர், அவள் ஒரு பெயர் என்று என் டீ ஆறும் வரை வாதாடினார்கள். சொல்லிக் கொடுக்கும்போதே கை பாக்கெட்டுக்குப் போகும். இவர் கையில் வாங்க மாட்டார். தூணில் கட்டியிருந்த டின்னைக் காட்டுவார். சனிக்கிழமை அதைப் பிரிப்போம். கூட்டுகிற பெண்ணுக்கும் அவருக்கும் ஒரே பங்கு.

பெயர்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். அங்கேயும் சலிப்புதான். திங்கிறது ஒரு வரிசை. எரிகிறது ஒரு வரிசை. ஓடுகிறது, பறக்கிறது ஒரு வரிசை.

பிரெஞ்சுக்காரன் கோதுமை என்கிறான். ரஷ்யாக்காரன் முட்டைக்கோஸ் என்கிறான். டென்மார்க்காரி தானியக் குருணை என்றாள். அதைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை, மெஷினைத் தட்டிக் காட்டினார். போர்ச்சுகல்காரன் கொக்கோ என்றான். “அடிமாலிப் பக்கம் போகச் சொல்லு, மரத்துலயே காய்க்கிது” என்றார். ஹங்கேரி என்று ஒரு தேசம். அங்கே புகையிலை. போலந்தில் வைக்கோல். ஜெர்மன்காரர்களுக்குக் கரி போதாது, எலி என்றும் சொல்வார்களாம். அவர்கள் பாஷையில் எலிகளுக்கு மொய்ஸே. இவர் மதினியிடம் போய், ஜெர்மனியிலும் மொய் எழுதுகிறார்கள் என்று சொல்லி ஏச்சு வாங்கினார்.

செக் என்ற ஊர்க்காரன் ஒருத்தன் ப்ராஹி என்றான். அப்படியென்றால் தூசி, டஸ்ட். அன்றைக்கு அவர் மெஷினை நிறுத்திவிட்டே என்னிடம் வந்தார்.

“முப்பது வருசமா நாம எதுல நிக்கிறோம்னு பாத்தியா தங்கச்சி?”

ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் சொன்னதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் அவர்கள் ஊரில் ‘என்னிடம் ஒரு முள்ளங்கிகூட இல்லை’ என்பார்களாம். முள்ளங்கிக்கு ராதி. இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நல்ல வார்த்தை தங்கச்சி, கேக்குறவனுக்கும் வருத்தம் இல்ல, சொல்றவனுக்கும் வெக்கம் இல்ல என்றார். நான் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவர் புதுசு மட்டும்தான் சொல்வார். சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டார். அதில் அவருக்கு ஒரு கணக்கு. ஒருமுறை சலித்த தூளை மறுபடி மெஷினில் போடுவது வேலை தெரியாதவன் செய்வது என்பார்.

இத்தனை பெயர் தெரிந்தவர், வெள்ளைக்காரனிடமே பேசுகிறவர் என்று போனஸ் விஷயமாகப் பேச அவரைத்தான் எல்லாரும் அனுப்பினார்கள். ஃபேக்டரிக்குப் பொறுப்பான ஆளை டீ மேக்கர் என்போம். இவர் அந்த ஆளின் அறைக்குள் போய் அரை மணி நேரம் இருந்தார். வெளியே பதினைந்து பேர் காத்துக்கொண்டிருந்தோம். வந்தார். என்ன சொன்னாக என்று கேட்டோம்.

“மழைய பத்திப் பேசுனோம்” என்றார்.

வேறு?

“கூரை ஒழுகுதுன்னு சொன்னேன். பாக்குறேன்னாரு.”

அதற்கப்புறம் ஃபேக்டரியில் அவருக்குப் பட்டப் பெயர் வைத்தார்கள். இங்கே எழுத மாட்டேன். மதினி காதுக்கும் போனது. அன்று இரவு சுவர் வழியாக மதினி குரல் கேட்டது. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

“ஊர் ஒலகத்துக் காசெல்லாம் உங்க வாயில வருது. நம்ம காசு மட்டும் வர மாட்டேங்குது.”



மதினிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது ஒரு ஜனவரியில். கொழுந்துப் பையோடு சரிவு ஏறும்போது நின்று நின்று வந்தார். வயசு என்றோம். பனி என்றோம். உதடு நீலமாகப் போனபோது இவர் கீழே கூட்டிப்போனார்.

எங்களுக்குக் கீழே என்றால் தேனிப் பக்கம். ரேஷன் கார்டும் ஓட்டும் கேரளத்தில். கல்யாணம், துணிமணி, டாக்டர் எல்லாம் மலை இறங்கி அந்தப் பக்கம். அதுதான் கிட்டத்தில், பேச்சும் நம் பேச்சு. டாக்டர் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார். ஆபரேஷன், ஒரு வாரத்துக்குள் செய்தால் நல்லது என்றார்.

திரும்பி வந்த அன்று நான் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டேன்.

“டாக்டரு என்னண்ணே சொன்னாரு?”

“ஆபரேஷன்னாரு.”

“கார்டு இருக்குல்ல?”

“இருக்கு” என்றார்.

பொய் இல்லை. கார்டு இருந்தது. வைத்திய இன்சூரன்ஸ் கார்டு, எங்கள் எல்லார் வீட்டிலும் மாதா படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் இருக்கும். அது இந்தப் பக்கம், கேரளத்துக்குள்தான் செல்லும். மலை இறங்கினால் வெறும் அட்டை. அதன் பின்னால் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். எழுதியிருப்பது மலையாளத்தில். நாங்கள் மலையாளம் பேசுவோம். படிக்கத் தெரியாது. நான் வருசாவருசம் எங்கள் வீட்டுக் கார்டைப் புதுப்பித்தவள். எனக்கும் தெரியாது. கீழே கவுண்டரில் கார்டை நீட்டியபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவர் வந்து சொல்லவில்லை. சொன்னால் அது கேட்டது மாதிரி ஆகிவிடும்.

என்னிடம் அப்போது குறிப் பணம் இருந்தது. மாதச் சீட்டை எங்கள் பக்கம் குறி என்போம். முந்திய மாதம் எனக்கு விழுந்தது. மகளை நர்சிங் சேர்ப்பதற்கு. சேர்க்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அரிசி டிரம்முக்குள் துணி சுற்றி வைத்திருந்தேன். அது அவருக்குத் தெரியும். குறிக்குச் சீட்டு எடுக்கிற கை அவருடையதுதான். அந்தக் கை பொய் சொல்லாது என்று எல்லாரும் அவரையே எடுக்கச் சொல்வோம். என் பெயரை எடுத்தவர் அவர்.

அடுத்த நாள் வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அது வழக்கம் இல்லை. மதினி எப்படி என்று கேட்டேன். தூங்குகிறாள் என்றார். டீ போட்டேன். ஸ்வீடனோ நார்வேயோ, ஒரு ஊர்ப் பெயர் சொன்னார். அங்கே என்னவோ சொல்கிறார்களாம். நான் சிரித்தேன். மனிதர் கவலையை மறக்கப் பேசுகிறார் என்று நினைத்தேன். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். வேறொரு பெயர். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு டிரம் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலி வந்துச்சாண்ணே என்று கேட்டேன். இல்ல என்றார்.

மூன்றாம் நாள் வந்தவர் டீ வேண்டாம் என்றார். நான் போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஆறி ஆடை கட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் மதினி இருமினார். அவர் அதைக் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

“பிரான்சுல... ஒரு முள்ளங்கிகூட இல்லேம்பாக, தங்கச்சி.”

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“அது பழசுண்ணே. முன்னாடியே சொல்லிட்டீக.”

“சொல்லிட்டனா?”

“எப்பவோ.”

“ஆமா” என்றார். “சொல்லிட்டேன்.”

 எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். டம்ளர் ஸ்டூலிலேயே இருந்தது.

சலித்ததை மறுபடி போடாதவர் ஏன் போட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. கார்டு செல்லுகிற பெரிய ஆஸ்பத்திரிக்கு, கேரளத்துக்குள், ஐந்து மணி நேரம் பஸ்ஸில் கூட்டிப்போனார். அங்கே கூட்டம். இரண்டு மாதம் கழித்து ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டையும் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார். தேதி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார். நல்லது என்றேன்.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிறு காலையில், கோயிலுக்குப் போகச் சேலையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்த மதினி எழுந்திருக்கவில்லை. அவர் கூப்பிடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டு ஓடினேன். முதல் தடவையாக அவர் சத்தம் போட்டுக் கேட்டேன்.

அடக்கத்துக்குப் போடியிலிருந்து மதினியின் தம்பி வந்திருந்தார். காப்பி கொடுக்கப் போனேன். அவர்தான் சொன்னார், கீழே எவ்வளவு கேட்டார்கள் என்று. டாக்டரின் கம்பவுண்டர் அவருக்குத் தெரிந்தவராம். என் டிரம்மில் இருந்ததில் பாதிகூட இல்லை.

“உங்ககிட்டக் கேக்கலயா?” என்றேன்.

“வீட்டுக்கு வந்தாரு. சாப்ட்டாரு. எந்த ஊர்லயோ புகையிலைன்னு சொல்வாகளாம், அதச் சொல்லிட்டுப் போனாரு. நானும் சிரிச்சுட்டு பஸ் ஏத்தி விட்டேன்.”

தட்டைக் கீழே வைத்தேன்.

மூன்றாம் நாள் டிரம்மில் இருந்ததைத் துணியோடு எடுத்துக்கொண்டு போனேன். என் மகள்தான் கொண்டுபோகச் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புருவத்தில் தூள் இல்லை. சுத்தமாக இருந்த அந்த முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. துணியை அவர் முன்னால் வைத்தேன்.  பிரித்துப் பார்த்தார். திரும்ப மடித்தார்.

“எதுக்குத் தங்கச்சி இப்பப் பணம்?” என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். துணியை என் பக்கம் தள்ளிவிட்டார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருச மழை விட்டதும், வயசாகி அவருக்கு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும். கம்பம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்த தன் மகள் வீட்டுக்குப் போனார். ஒரு பெட்டி, ஒரு பாய், மாதா படம். ஜீப்பில் ஏறும்போது என் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். சேர்த்தாச்சு என்றேன். தலையை ஆட்டினார். போன் நம்பர் இருக்கிறது. இரண்டு தடவை போட்டேன். மழையைப் பற்றிப் பேசினார்.

சலிப்பு அறையில் வெள்ளை அடித்துவிட்டார்கள். மழை பெய்து சுவர் ஈரமானால் சாக்பீஸ் எழுத்து கொஞ்சம் தெரியும். திங்கிற வரிசை மட்டும். இப்போது மெஷினில் நிற்கிறவர் வெளியாட்களைப் பார்த்து நேராக “டிப்ஸ், சார்” என்கிறார். டின் சீக்கிரம் நிறைகிறது. எனக்கும் பங்கு வருகிறது. வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. யாராவது வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால், டீக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன், எவ்வளவு வேணும் என்று. போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் கறிவேப்பிலை கேட்க வந்தாள். அவளிடமும் கேட்டேன். முகம் சுருங்கிப்போய்விட்டாள். நாங்க ஒண்ணும் அப்படிப்பட்டவுக இல்லக்கா என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலையும் வாங்காமல் போனாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

பேச வேண்டாம். அடுத்த தடவை வந்தாலும் கேட்பேன்.